கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கண்டாக்கு

ஹட்டனில் கைகளைப் பற்றி அவளைப் போலக் கவலைப்பட்ட இன்னொருவர் கிடையாது. கைரேகை பார்ப்பவர், வளையல் கடைக்காரர், எலும்பு டாக்டர் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் சின்ன கம்பியூட்டர் அலுவலகம் இருந்தது. முதலாளியை விட்டால் நான், சுரேன், அவள். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் கண்டாக்கு ஐயாவைப் போல எங்களை விரட்டியதால் அவளுக்குக் கண்டாக்கு என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரை அவள் அம்மா மட்டும்தான் சொல்வார்.

நுவரெலியா ஹோட்டல் ஒன்றுக்காக ஒரு வேலை செய்துகொண்டிருந்தோம். விருந்தாளி ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டி, கைக்கு ஒரு கன்ட்ரோலரைப் பிடித்தால் எதிரே தேயிலை மலை தெரியும். விரலால் அமுக்கினால் கொழுந்து கைக்கு வரும், கூடையில் போடலாம். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரில் திறந்தால் போதும். இந்த வேலை கைவிட்டுப் போனால் அலுவலகத்தை மூடிவிடுவேன், நீங்கள் கொழும்புக்கு பஸ் ஏறவேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

கண்டாக்கு காலையில் வந்ததும், தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பதைப் போல, பெரட்டு எடுப்பாள். கன்ட்ரோலர்களை மேசையில் நிறுத்தி, "எடது?" என்பாள். அவளே குரலை மாற்றி, "இருக்கேங்க" என்பாள். "வலது?" "இருக்கேங்க." பிறகு எங்கள் பெயர்களும் வரும். சுரேன் பதில் சொல்லாத நாளில் அவனுக்குத் தேத்தண்ணி கிடைக்காது.

பைத்தியம் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் கீழே துணிக்கடை வைத்திருந்த நிசாம் நானா வேடிக்கை பார்க்க மேலே வந்து ஹெட்செட்டை மாட்டினார். கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புள்ள, என்ட கை ரெண்டும் மாறிப் போயிருக்கே. பெருவிரல் வெளிப்பக்கம் நிக்குது."

கண்டாக்கு சுரேனைப் பார்த்தாள். "புரோகிராம்ல என்ன எழுதி வச்சிருக்க?"

"லிஸ்ட்ல முதல்ல வாறது வலது கைன்னு."

"எந்தக் கன்ட்ரோலர முதல்ல ஆன் பண்றாங்களோ அதுதான் முதல்ல வரும். நீ எடதா வலதான்னு அதுகிட்டயே கேளு. பேர் கேக்காம யாராச்சும் மலைக்கு ஆள் அனுப்புவாங்களா?"

அதோடு விட்டாளா? யாராவது ஹெட்செட்டோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தால் பூனை மாதிரி வந்து ஒரு கன்ட்ரோலரைப் பிடுங்கி பேட்டரியைக் கழற்றிவிடுவாள். உள்ளே அந்தக் கை அந்தரத்தில் அப்படியே தொங்கும். "பேட்டரி போனா கையும் போகணும். பேயா தொங்கக் கூடாது" என்பாள். முதலாளிக்கும் இதே கதிதான்.

ஹோட்டலில் காட்டும் நாள் வந்தது. வரவேற்பறையில், ஹோட்டல் முதலாளிக்கு முன்னாலேயே பெரட்டு நடந்தது. "எடது?" "இருக்கேங்க." எங்கள் முதலாளி சுவரில் மாட்டியிருந்த படத்தை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். இது என்னவென்று ஹோட்டல்காரர் சிங்களத்தில் கேட்டார். இதைச் செய்யாமல் தொடங்க மாட்டோம் என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

ஆனால் அவர் எங்கள் ஹெட்செட்டைத் தொடவில்லை. தன்னிடமிருந்த வேறு மாதிரி ஹெட்செட்டையும் அதன் கன்ட்ரோலர்களையும் எடுத்துவரச் சொல்லி மாட்டினார். கை சரியாக வந்தது, கொழுந்தும் வந்தது. கூடை நிறைந்தபின் கொட்டத்தான் முடியவில்லை. நிறைந்த கூடையோடு மனிதர் மலையில் நின்றார். எங்கள் முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது.

நான் சுரேனைப் பார்த்தேன். அவன் கண்டாக்கைப் பார்த்தான். கூடை கொட்டும் பகுதி அவள் எழுதியது. நாலாம் நம்பர் பட்டனை அமுக்கினால் கொட்டும் என்று எழுதியிருந்தாள். இந்தக் கன்ட்ரோலரில் அப்படியொரு பட்டனே இல்லை.

"என் பிழைங்க" என்றாள். "எல்லா கன்ட்ரோலரையும் ஒரே மாதிரின்னு நெனச்சிட்டேன். கொஞ்சம் இருங்க."

தரையிலேயே சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள். சுரேன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அவளோடு படித்தான். பட்டன் நம்பரை எடுத்துவிட்டு, இரண்டு வகைக் கன்ட்ரோலரிலும் இருந்த கைப்பிடியை இறுக்கினால் கூடை கொட்டும்படி மாற்றினார்கள். ஹோட்டல்காரர் தேத்தண்ணி குடித்து முடித்தார். பிரவுசரில் பக்கத்தைத் திரும்பத் திறக்கச் சொன்னோம். பிடியை இறுக்கினார், கூடை கொட்டியது. சிரித்துக்கொண்டே மறுபடியும் பறிக்கத் தொடங்கினார். ஹெட்செட்டைக் கழற்றும்போதே வேலை எங்களுக்கு என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் சுரேன் அவளைக் கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். அவன் கடலை வாங்கிவந்து அவள் மடியில் வைத்ததோடு சரி. அவள் அதைக் கொறித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நானுஓயா தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஹட்டன் வருவதற்குள் தோள் மரத்துப்போனது. நான் அசையவில்லை.