கடைசிப் பாட்டில் வரும் சிரிப்பு

"யாரு இவன், மூச்சு விடாம திட்டுறான்?" என்று அவர் இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கினார்.

"திட்டல, கதை சொல்றான். பதினாறு பாட்டும் சேர்ந்து ஒரே கதை." மனைவி அதை மறுபடி அவர் காதில் செருகினாள். சோபாவில் இருவருக்கும் ஒரே வயர். வலது அவருக்கு, இடது அவளுக்கு. பல வருஷத்து ஏற்பாடு. "கடைசிப் பாட்டுல திடீர்னு சிரிப்பான். ஏன்னு கண்டுபிடிச்சு சொல்லுங்க பார்ப்போம். ஊரான் தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறவராச்சே!"

"நாளைக்குக் கேக்கறேன்."

மறுநாள் காலை அவள் கண் விழிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் அவரால் அந்த வயரைத் தொட முடிந்தது. அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துபவர் அவர். ஒப்புக்கொண்ட வேலை பாக்கி நின்றால் உறுத்தும். இடது பக்கம் அவளுடையதாயிற்றே. அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வலதை மாட்டினார்.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஹிப்-ஹாப் பாடகன் நாலு வரி பொரிந்து தள்ளுவான். பிறகு வெறும் தாளம். அப்புறம், "அதெல்லாம் எனக்குத் தெரியாது!" என்பான். எதெல்லாம்?

மகளுக்குப் போன் போட்டார். "நடுவுல நடுவுல வாயை மூடிக்கிறாம்மா."

"கான்செப்ட் ஆல்பம்னா அப்படித்தான்பா. கேக்கறவங்கதான் இட்டு நிரப்பிக்கணும்."

வினை அங்கேதான் பிடித்தது. விடுபட்டதை நிரப்புவதுதானே அவர் தொழில்! பதினாறு பாட்டையும் தாளில் எழுதி, சிவப்பு மையால் விடுபடல் குறி போட்டார். நூற்றுப் பன்னிரண்டு இடம். அங்கெல்லாம் பேசுவது அவன் அம்மா என்று முதலில் வைத்துக்கொண்டார். சரிப்படவில்லை. போலீஸ்காரர் என்று மாற்றினார். கடைசியில் பல் டாக்டர் கச்சிதமாகப் பொருந்தினார். அந்தச் சிரிப்பு மட்டும் இடித்தது. பல் டாக்டரிடம் போய் எவன் சிரிப்பான்?

யோசனை முற்றி, ஒருநாள் பஸ்ஸில் வாய்விட்டே கேட்டுவிட்டார். "உனக்கு என்னதான்டா பிரச்சினை?"

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "எனக்கா?"

"சேச்சே, இவனுக்கு" என்று தன் காதைக் காட்டினார். அந்த ஆள் எழுந்து கடைசி சீட்டுக்கே போய்விட்டார்.

இனி பஸ்ஸில் வேண்டாம் என்று, வேலை செய்துகொண்டே கேட்டார். அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். கையில் தண்ணீர் மோட்டார் கம்பெனியின் கையேடு.

"பதினெட்டாம் பக்கம். கேளுங்க. 'மோட்டாரைத் திறக்கும் முன் ஸ்விட்சை அணைக்கவும். வலிக்குதா? வாயை நல்லாத் திற.' எண்ணூறு காப்பி அடிச்சாச்சு!"

"சார், அது பாட்டுல விடுபட்ட..."

"பேசாதீங்க. பைண்டிங் ரூமுக்குப் போய், ஒவ்வொண்ணா பிரிச்சு அந்தத் தாளை மாத்துங்க."

பைண்டிங் செய்யும் அம்மாள் அவருக்கு எதிரே உட்கார்ந்து தாள் உருவினார். அவர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இத்தனைக்கு அப்புறமும் கேக்கறீங்களே! அப்படி என்ன சார் இருக்கு அதுல?"

அவர் சொன்னார், சோபாவில் தொடங்கி எல்லாவற்றையும். "இதுதான் கடைசிப் பாட்டு. அவன் ஏன் சிரிக்கிறான்னு தெரிஞ்சா போதும். நாளைக்குக் கேக்கறேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன்."

"எங்கே, நானும் கேக்கறேன்."

அவர் தடுப்பதற்குள், சட்டைப் பையிலிருந்ததை உருவித் தன் காதில் வைத்துக்கொண்டார் அந்த அம்மாள். அது மனைவியுடையது என்று சொல்ல வாயெடுத்தவர், வயர் இழுபடாமல் சற்று முன்னால் சாய்ந்துகொண்டார். ஒரே வயர், இரண்டு பேர். வலது அவருக்கு.

தாளம் நின்றது. அவர் காதில் ஒரு சத்தமும் இல்லை. எதிரே அந்த அம்மாள் குபீரென்று சிரித்தார். அடுத்த நொடி, வலது காதில் அவனும் சிரித்தான்.

"நீங்க ஏம்மா சிரிக்கிறீங்க?"

"பின்னே என்ன சார்? இந்தப் பக்கம் ஒரு பொண்ணு கேக்கறாளே, 'பதினாறு பாட்டா நானும் பதில் சொல்லிட்டே வரேன், ஒண்ணாவது உன் காதுல விழுந்துச்சா?'ன்னு!"