ஜௌபர் பூட்டிய பேச்சு

கருவாட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்பதென்று ஜௌபர் முடிவெடுத்துவிட்டார். கற்பிட்டி ஊர் முழுக்கத் தெரியட்டும். மனைவிக்கு மட்டும் தெரியக்கூடாது; பெயர் சித்தி லெய்லா. அவளும் சங்க உறுப்பினர். எல்லார் முன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்பாள்.

தேர்தல் பேச்சை வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து, அந்தக் கோப்பைக் குறியாக்கம் செய்து பூட்டினார். "இனி ஜின்னுக்கும் திறக்கேலாது!" என்று தாடியை நீவிக்கொண்டார். உடனே திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு: பூட்டைத் திறக்கும் சான்றிதழைப் பிரதியெடுத்து வையுங்கள்.

"பூட்டினவன் நான். எனக்கே சான்றிதழா?"

அறிவிப்பை மூடினார். அது மறுநாளும் வந்தது. மறுநாளும் மூடினார்.

கூட்டத்துக்கு முதல் நாள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் கடை ஸப்ரான் வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டான். பேச்சு டி டிரைவில் பத்திரமாகத்தான் இருந்தது. திறக்கத்தான் மாட்டேனென்றது.

"அனுமதி இல்லையாம்! எனக்கா?"

"சான்றிதழ் பழைய விண்டோஸோட போயிட்டு, ஜௌபர் நானா. பிரதி எடுத்தீங்களா?"

"அதே பேரு, அதே பாஸ்வேர்ட்!"

"பேரு அதே. ஆளு வேற. இப்ப வந்திருக்கிற ஜௌபர இதுக்குத் தெரியா."

"பொறந்ததிலிருந்து நான்தான்டா ஜௌபர்!" மேசையில் குத்தினார். "எழுத்தில்லாமலே பேசுவன்! எவன் என்னத் தடுப்பான்?"

சத்தம் கேட்டு, குசினியில் சமையலை விட்டு வந்த லெய்லா ஒரு பென் டிரைவை நீட்டினாள்.

"இந்தாங்க, சான்றிதழ். அது கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. பாவமெண்டு நான் பிரதி எடுத்து வெச்சன்."

"நீ எப்பிடி உள்ள போன?"

"ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல ஒரே பேர்லதானே உள்ள போறம். உங்களுக்குத் திறந்தா எனக்கும் திறக்கும். நீங்க பூட்டினது ஊருக்கு. எனக்கில்ல."

ஸப்ரான் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சான்றிதழை ஏற்றினான். அதற்கும் ஒரு பாஸ்வேர்ட் கேட்டது. லெய்லாவே குனிந்து அடித்தாள். பேச்சு திறந்தது. ஜௌபர் நெஞ்சை நிமிர்த்தி, சத்தமாக வாசித்தார்.

"அன்பான சங்கத்தவர்களே! தலைவர் பதவிக்கு நிற்கும் சித்தி லெய்லா ஆகிய நான்..."

திரையருகே குனிந்து பெயரை மறுபடி பார்த்தார்.

"பேச்சு அருமை," என்றாள் லெய்லா. "ஒரு சொல்லும் மாத்தல்ல. பேர மட்டும்தான்."

"ஏலாது! நானும் நிப்பன்! தனியா நிப்பன்!"

"நில்லுங்க. என்னை முன்மொழியிற ஆள் நிண்டுதானே பேசணும்? உங்கட பேச்சையும் அந்தப் பென் டிரைவிலயே அடிச்சு வெச்சிருக்கன். பூட்டிப் போடாதீங்க."