பெரிய கேசட்டும் சின்னக் கேசட்டும்

"ஏழாயிரம்தானா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் தையல்காரர்.

"ஆமா சகலை. பெரிய கேசட்டு கம்பெனியும் சின்னக் கேசட்டு கம்பெனியும் அடிச்சுக்குது, விலை வாராவாரம் இறங்குது. நான் கொஞ்சம் பொறுத்திருந்து சின்னது வாங்கினேன்."

மைத்துனியின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எதையும் பொறுத்திருந்து வாங்குகிற ஜாதி. தையல்காரரோ பெரிய கேசட்டு போடும் வீடியோ பெட்டியை, வந்த வாரமே ஒன்பதாயிரத்துக்கு வாங்கியவர்.

"நம்ம வீட்டைவிட இங்க படம் பளிச்சுன்னு இருக்குல்லங்க?" என்றாள் மனைவி, தங்கை வீட்டுத் திரையைப் பார்த்தபடி.

தையல்காரர் சிரித்துவைத்தார். வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

மறுநாளே பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சகலை வாங்கிய அதே கடைக்குப் போனார். பழையதைக் கொடுத்து, மேலே இரண்டாயிரம் போட்டால் சின்னது தருவார்களாம். பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷின் வாங்க இரண்டு வருஷமாகச் சேர்த்த நாலாயிரத்தில் பாதி போயிற்று. இன்னும் எத்தனை நாள் கையாலேயே காஜா எடுப்பது என்று விரல்கள்தான் கேட்க வேண்டும்.

படம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் படம் இல்லை. வாடகைக்கு விடுகிறவனிடம் எல்லாமே பெரிய கேசட்டு. சின்னதில் இருந்தது ஒன்றே ஒன்று, தொட்டியில் மீன் வளர்ப்பது எப்படி.

"நாலு தடவை பாத்தாச்சுங்க," என்றாள் மனைவி. "இனிமே மீன் வாங்கிக் குடுத்தா நானே வளத்துருவேன்."

அடுத்த மாதம் சகலை வீட்டுக்குப் போனால், அங்கே பெரிய பெட்டி உட்கார்ந்திருந்தது.

"சின்னதுல படமே கிடைக்கல சகலை, மாத்திட்டேன். மேல ஆயிரத்தைந்நூறுதான் ஆச்சு."

அந்த ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் தையல்காரருக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. தோற்றுவிட்டு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. வாய்க்கு வந்ததை அளந்தார்.

"அவசரப்பட்டுட்டீங்களே. நாங்க சின்னதுக்கு மாறிட்டோம். இனிமே படமெல்லாம் சின்னதுலதான் வருதாம். பெரியது காயலான் கடைக்குத்தான்னு பேசிக்கிறாங்க."

சகலையின் முகம் சுருங்கியது. தையல்காரருக்கு வயிறு குளிர்ந்தது. மனைவி மட்டும் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மீன் தொட்டிக் கேசட்டு அவருக்காகக் காத்திருந்தது. இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் சின்னப் பெட்டியை சைக்கிளில் கட்டினார்.

"காஜா மெஷின் பணத்தையா எடுக்குறீங்க?"

"கம்பெனிக்காரன் சண்டை, நமக்குத்தானே லாபம். பெரியதை இன்னும் மலிவா வாங்கிட்டு வரேன், பாரு. அந்த ஆளு மூஞ்சில கரியப் பூசுறேன்."

கடையில் பில் போடும் அம்மாள் மட்டும் இருந்தார். தையல்காரர் பெட்டியை மேஜைமேல் வைத்து, மிச்சமிருந்த இரண்டாயிரத்தை அதன்மேல் வைத்தார்.

"பெரிய பெட்டி ஒண்ணு குடுங்கம்மா. போட்டி எப்படிப் போகுது? விலை இறங்கியிருக்குமே?"

அந்த அம்மாள் பணத்தை எண்ணிக் கல்லாவில் போட்டுவிட்டு, நாற்காலியைக் காட்டினார்.

"கம்பெனிங்க ரெண்டும் போன மாசமே சமாதானமாகி, விலை ஏறட்டும்னு பெட்டி அனுப்புறத நிறுத்திட்டாங்க சார். கொஞ்சம் உக்காருங்க, நீங்க குடுத்துட்டுப் போன அதே பெரிய பெட்டியத் தூக்கிட்டு உங்க சகலை நாலு மணிக்கு வர்றாரு, சின்னதுக்கு மாத்திக்க."