மச்சான் அனுப்பிய முன்ஜாக்கிரதை

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே உங்கள் தங்கை சுகம். நான் சுகமா என்பதில் டாக்டரம்மாவுக்கே சந்தேகம். அங்கே நீங்களும் உங்கள் மருந்துக் கடையும் சௌக்கியமாக இருப்பீர்கள், இருக்கத்தானே செய்வீர்கள்.

மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போகிறோமே என்று தடுப்பு மருந்துக்குப் போனோம். டைபாய்டுக்கு ஊசியா, காப்ஸ்யூலா என்றார் டாக்டரம்மா. ஊசி என்றாலே என் கால் வாசலைத் தேடும் என்பது ஊரறிந்த சங்கதி, காப்ஸ்யூல் என்றேன். அதற்குள் உயிருள்ள கிருமியாம்! நோஞ்சான் கிருமிதானாம். ஃபிரிட்ஜில் வைக்கணும், வெறும் வயிற்றில், குளிர்ந்த தண்ணீரில், கடிக்காமல் விழுங்கணும். அப்படியே விழுங்கினேன். சம்பந்திக்குக்கூட நாம் இத்தனை உபசாரம் செய்ததில்லை. "மலேரியா மாத்திரைய எப்ப ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன். நீங்களா எதையும் போடாதீங்க" என்றார். நானாக எதையும் போடவில்லை மச்சான். "வயித்தக் காப்பாத்தும், இப்பவே ஆரம்பிங்க மாப்ளே" என்று நீங்கள் அனுப்பிய மாத்திரை அட்டையை உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். மாத்திரைகளை உரித்துக் கிழமை போட்ட டப்பாவில் வைப்பது அவள் இலாகா. பெயர் கேட்காமல் விழுங்குவது என் இலாகா.

இன்று டாக்டரம்மாவிடம், மருந்துப் பெயர் எழுதிய உங்கள் சீட்டைக் காட்டி இதைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், அது ஆன்டிபயாட்டிக். உயிரோட இருந்தாத்தான் அந்தக் கிருமி உங்க உடம்பைப் பழக்கும். வீட்டுக்குக் கூப்பிட்டுக் கழுத்த நெரிச்சா எப்படி?"

"அப்ப அது செத்துப்போச்சா?"

"மருந்து பலிக்காம போயிருக்கலாம். இடைவெளி விட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இல்லேன்னா நாளைக்கு ஊசி."

இடைவெளி விட்டால் விமானம் போய்விடும். மகளோ போனில், "அப்பா, நீங்க வராம நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கமாட்டேன்" என்று அழுகிறாள். எந்தக் கிருமியை வளர்க்கணும், எதைக் கொல்லணும் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: உங்களால் எனக்கு ஊசி. இனி ஒரு இருமல் மிட்டாய்கூட அனுப்ப வேண்டாம்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு, மிச்சமிருந்தால், அன்பு.

இப்படிக்கு,
நாளை குத்துப்படவிருக்கும்
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: மேலே உள்ள அத்தனை வசவையும் அடித்துவிடவும். இதைப் படித்துவிட்டு உங்கள் தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "எங்கண்ணனை எனக்குத் தெரியாதா? அந்த மாத்திரைய டப்பாவில வைக்கவே இல்ல. பதிலுக்கு சத்து மாத்திரைதான் வச்சேன்." கிருமி உயிரோடு இருக்கிறது! ஊசி இல்லை! நீங்கள் வாழ்க!

மறுபடியும் பி.கு.: அந்தச் சத்து மாத்திரை பாட்டிலும் போன வருஷம் நீங்கள் அனுப்பியதுதானாம். மேலே பேரே ஒட்டவில்லை. உள்ளே இருப்பது என்ன மச்சான்? நர்ஸம்மா ஊசியை எடுப்பதற்குள் போன் போடவும்.