சார்ஜென்ட் வீட்டுக்கு வந்துவிட்டார்

காலை ஐந்து மணிக்கு, போக வேண்டிய இடம் ஒன்றுமே இல்லாத ஒரு மனிதர், ரயிலுக்கு நேரமாகிவிட்டவரைப் போல முகச்சவரம் செய்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? துண்டை நான்காக மடித்துக் கொடியில் போடுவார். மடிப்பு ஒரு விரற்கடை கோணினாலும் எடுத்து மறுபடி போடுவார். ஷூவை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் எட்டு முறை ஏறி எட்டு முறை இறங்குவார். ஐந்தரைக்கு எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் படுக்கப் போகும்வரை என்ன செய்வது? வீட்டாருக்குக் கஷ்டகாலம் ஆரம்பிப்பது அங்கேதான்.

இவர்தான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த குடும்பத்தலைவர். வயது நாற்பத்தாறு. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிப் பொழுதைப் போக்கலாம். இவருக்கு அதற்கும் இன்னும் வயதாகவில்லை. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்ல மாட்டார், "பதினேழு முப்பதுக்கு வந்து சேருவேன்" என்பார். உப்பு தீர்ந்துவிட்டது என்றால் "யார் பொறுப்பு?" என்று கேட்பார். கடைக்குப் போகச் சொன்னால் மறுக்காமல் போவார். ஆனால் போகிற வழி ஒன்று, திரும்புகிற வழி வேறு. கேட்டால், "ஒரே பாதையில போய் வந்தா எதிரிக்குத் தெரிஞ்சுடும்" என்பார். எந்த எதிரி? காய்கறிக் கடைக்காரரா?

நாம் பார்க்கப்போகும் சார்ஜென்ட்டுக்குத் தெருவில் 'அட்டென்ஷன்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும். இருபத்துநான்கு வருஷம் பட்டாளம், வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதமும் வீட்டில் அவர் விருந்தாளி. நல்ல தட்டு அவருக்கு, புதுத் தலையணை உறை அவருக்கு, "அவர் தூங்குறாரு, சத்தம் போடாதீங்க" என்ற தடையுத்தரவும் அவருக்கே. வீடு அவரைப் பார்த்துச் சிரித்த முகம்தான் அவருக்குத் தெரியும்; அதன் சமையலறைக் குணம் தெரியாது. ஓர் இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கி "இனிமே இங்கதான்" என்று அவர் அறிவித்தபோது மனைவி சந்தோஷத்தில் அழுதாள். சந்தோஷம் பத்து நாள் தாங்கியது.

பதினோராம் நாள் அவர் வீட்டைச் சோதனையிட்டார்.

மனைவி தையல்காரி. முன்னறையில் இரண்டு மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஓர் ஓவர்லாக், துணி வெட்டும் மேஜை, ஜன்னலோரம் ஆளுயரக் கண்ணாடி. கணவன் எங்கெங்கோ காவல் நின்ற காலமெல்லாம் அந்த ஒற்றை அறைதான் வீட்டை ஓட்டியது, மகளைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் கையில் இஞ்ச் டேப் இருக்கும். அப்படிப்பட்ட அறைக்குள் சார்ஜென்ட் புகுந்தார். நூல்கண்டுகளை நிறம் பார்க்காமல் உயரம் பார்த்து அணிவகுத்து நிற்க வைத்தார். ஊசிகளை எண்ணிக் கையெழுத்துக் கேட்டார். கத்தரிக்கோலைச் சுவரில் மாட்டி, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, கீழே 'கத்தரி ஒன்று' என்று எழுதினார். இரண்டு எங்கே என்று கேட்காதீர்கள், ஒன்றுதான் இருந்தது.

மிஷினுக்கு அடிநூல் சுற்றி வைக்கும் பாபின் பெட்டியைக் காணவில்லை. அவள் மூன்று நாள் தேடினாள்.

"ஏங்க, பாபின் பெட்டி எங்க?"

"பாதுகாப்பான இடத்துல இருக்கு."

"அதான் எந்த இடம்?"

"சொல்லிட்டா அப்புறம் என்ன பாதுகாப்பு?"

சமையலறைக் கதவில் வேலை அட்டவணை ஒன்று முளைத்தது. மகள் அதை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தாள்.

"அப்பா, இதுல உங்க பேரக் காணோமே?"

"நான் மேற்பார்வை."

"அம்மா! மேற்பார்வைக்கு ஒரு டீ வேணுமாம்!"

இதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். வாசலில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கே ஒரு நாற்காலி போட்டு, மடியில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வருகிறவர்கள் பெயர், வந்த நேரம், வந்த காரணம் எல்லாம் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருத்தி, 'இடுப்பைப் பெரிதாக்க' என்று நாலு பேர் பார்க்க எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். போனவள் போனவள்தான். ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். ஓயாமல் ஓடிய மிஷின்கள் பாதி நேரம் காற்று வாங்கின. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அறுபது பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கக் கொடுக்கவென்று பள்ளித் தலைமையாசிரியையே வந்தார்.

"அடையாள அட்டை இருக்கா?" என்றார் சார்ஜென்ட்.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். "சட்டை தைக்கக் குடுக்க வந்தேங்க. எல்லை தாண்ட வரல."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்."

"அப்படியா? வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்கன்னு எழுதிக்கோங்க. மணி பத்து நாப்பது."

எழுதினார். அதுதான் கொடுமை.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தலுக்கு எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி உண்டு. அவள் அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். போன மாதம் வந்த கடிதம். ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் ஒரு தொழிற்சாலை, பாதுகாப்பு அதிகாரி வேலை, தங்க இடம், சீருடை, விசிலும் அவர்களே தருவார்கள். "இனி குடும்பத்த விட்டு எங்கயும் போறதா இல்ல" என்று அன்றைக்கு அவர் வீரமாகச் சொல்லி ஒதுக்கி வைத்தது.

"பதில் போட திங்கக்கிழமை கடைசி நாள். ஒத்துக்கிட்டுப் போயிடுங்களேன்."

"கோவத்துல சொல்றியா?"

"இல்லங்க. அளந்து பார்த்துத்தான் சொல்றேன்."

உத்தரவு வந்துவிட்டால் அவர் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இரும்புப் பெட்டியை இழுத்து மூட்டை கட்ட உட்கார்ந்தார். ஐந்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது. வந்து மூன்று மாதமாகியும் பெட்டியைத் தான் முழுசாகப் பிரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. விருந்தாளியின் பெட்டி. மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டார். வேறு எங்கே உட்காருவது என்று தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று ஐம்பதுக்கு மிஷின் சத்தம் நின்றது. சார்ஜென்ட் வழக்கம்போல நோட்டில் குறித்துக்கொண்டார். பன்னிரண்டு ஞாயிறுகளாக இதே குறிப்பு: 'மிஷின் ஓடவில்லை. காரணம் தெரியவில்லை.' முன்னறையில் மனைவி முகம் கழுவி, தலை வாரி, ஒரு டீயோடு செல்ஃபோன் இருக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா. மகளைத் தனியாக அழைத்து விசாரித்தார்.

"உங்கம்மா ஏன் நாலு மணிக்கு வேலையப் போட்டுட்டு உக்காந்திருக்கா?"

மகள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நிஜமாவே தெரியலையாப்பா? நீங்க ஃபோன் பண்ற டைம் அது."

இருபத்துநான்கு வருஷம். பனியோ மணலோ, எந்த முகாமாக இருந்தாலும் ஞாயிறு நான்கு மணிக்கு அவர் வரிசையில் நின்று பேசியிருக்கிறார். பின்னால் பதினைந்து பேர் இருமிக்கொண்டு நிற்பார்கள், பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு தடவையாவது அவர் அவளுக்கு உத்தரவு போட்டதுண்டா? அதற்கு நேரம் ஏது? "ம், அப்புறம்?" என்று கேட்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

சார்ஜென்ட் எழுந்தார். ஷூவை மாட்டினார். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார், அன்றைக்கு நேர்வழியில். எதிரிகள் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். நான்கு அடித்ததும் தன் செல்ஃபோனில் எண்களை அழுத்தினார்.

"யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற மூச்சு.

"எங்கேருந்து பேசுறீங்க?"

"பஸ் ஸ்டாப்புலேருந்து."

"சாப்டீங்களா?"

"நீதான போட்ட!"

"அட, ஆமால்ல."

"வீட்டுல எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கோம். ஒரே ஒரு தொல்லைதான். ஒரு ஆளு வந்து உக்காந்திருக்காருங்க, மூணு மாசமா. என் நூலையெல்லாம் உயரப்படி நிக்க வெச்சுட்டாரு. பாபின் பெட்டிய ஒளிச்சு வெச்சுட்டாரு. அறுபது சீருடைய வாசலோட திருப்பி அனுப்பிட்டாரு."

"யாரு அவன்?" என்று உறுமினார் சார்ஜென்ட். எல்லாம் பழக்கதோஷம், தண்ணீர் விடாத பக்கத்து வீட்டுக்காரன் முதல், துணி மாற்றிக் கொடுக்காத கடைக்காரன் வரை, அவள் யாரைப் பற்றிச் சொன்னாலும் அவர் அப்படித்தான் கேட்பார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் தள்ளிப் போய் நின்றார்கள். "அவன நான் வந்து பார்த்துக்கறேன். முதுகுத் தோல உரிச்சுடறேன்!"

"அவ்வளவெல்லாம் வேணாம். நல்ல ஆளுதான், பாவம். வீட்டுல எப்படி இருக்கணும்னு யாரும் சொல்லிக்குடுக்கல."

சார்ஜென்ட் தொண்டையைச் செருமினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிஷம் ஆகிவிட்டது.

"அவனுக்கு வெளியூர்ல வேலை வந்திருக்காமே. போகச் சொல்லட்டுமா?"

டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"போனா ஞாயித்துக்கிழமைல இதே மாதிரி பேசலாம். பேசி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிடும். இருபத்துநாலு வருஷமா ஆறின டீதாங்க குடிச்சிருக்கேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "இருக்கச் சொல்லுங்க. ஆனா என்னக் கேக்காம முன்னறையில கால் வெக்கக் கூடாது. பாபின் பெட்டி எங்கன்னு சொல்லணும்."

"மாவு டின்ல, அடியில."

"அதான் மாவுல நூல் வந்துச்சா! நாளைக்கே அந்த டீச்சரம்மாகிட்டப் போய் மன்னிப்பு கேக்கணும், அந்த ஆளு."

"எஸ் சார்."

"அப்புறம்..."

"சொல்லு."

"பஸ் ஏதாச்சும் வந்தா ஏறிடாதீங்க."

திங்கட்கிழமை பள்ளி வாசலில் காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் சார்ஜென்ட் திருத்தமான கையெழுத்தில் 'மன்னிப்பு' என்று எழுதிவிட்டு உள்ளே போனார். சீருடைகள் வந்தன. பட்டன் தைக்கத் தெரியாத பட்டாளத்துக்காரன் உண்டா? அறுபது சட்டைக்கும் அவர்தான் பட்டன் தைத்தார். மனைவி சோதனையிட்டாள். வரிசை கோணினால் வெட்டிப் போட்டு மறுபடி தைக்கச் சொன்னாள். ஓய்வு பெற்ற பிறகு அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. தொழிற்சாலையின் விசில் வேறு யாருக்கோ போயிற்று. இரும்புப் பெட்டியில் இப்போது வெட்டுத்துணி இருக்கிறது. ஞாயிறு நான்கு மணிக்கு மட்டும் அவரைப் பஸ் ஸ்டாப்பில் பார்க்கலாம்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை, தெரியும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது பாத்திரம் கழுவும்போது பின்னால் போய் நின்று "அந்த ஓரத்துல பாரு" என்று சொன்னதில்லையா? நீங்கள் உள்ளே வந்ததும் பேச்சு நின்று, வெளியே போனதும் சிரிப்புச் சத்தம் கேட்பதில்லையா? சரி, அதையெல்லாம் விடுங்கள். இதைப் படித்துக்கொண்டே மேஜையில் கோணலாகக் கிடந்த பேனாவை எதற்கு நேராக வைத்தீர்கள்?

பக்கத்தில் பஸ் ஸ்டாப் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.