ரெண்டாம் பாட்டுக்காரர்

எனக்குத் திருத்தமாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்ற படிப்பு. பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாகூர் கொம்யூனில் இருக்கிற அத்தனை ஊரிலும் அவரைப்போல ஊரை அதிர வைத்தவர் இன்னொருவர் இல்லை என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். விசேஷ வீட்டு மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, வீட்டுக்குத் தக்கபடி மாதா பாட்டோ பிள்ளையார் பாட்டோ முதலில் போடுவார். அடுத்தது சினிமா பாட்டு என்று பிள்ளைகள் காத்திருக்கும். வராது. பிரான்சிலிருந்து வந்த ரெக்கார்டு ஒன்று சுழலும். தகரக் கொட்டகை சரிகிற மாதிரி சத்தம், அதற்குள் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான். மாடு கயிற்றை அறுக்கும். நாயனக்காரர் நாயனத்தைக் கீழே வைத்துவிடுவார். யாராவது நிறுத்தச் சொன்னால் இவர் வயரைச் சுற்ற ஆரம்பிப்பார்.

“அதுல டிரம் அடிக்கறது எம்புள்ள. அவன் அடி கேக்காத வூட்ல எனக்கு இன்னா வேல?”

மகன் மாதா கோயில் பேண்டில் அடித்துப் பழகியவன். மாமனோடு பிரான்சுக்குப் போய், வெள்ளைக்காரப் பையன்களோடு சேர்ந்து போட்ட முதல் ரெக்கார்டு அது. அங்கே அதை யாரும் வாங்கவில்லையாம். இங்கே நாங்கள்தான் கேட்டோம்.

சில வருஷம் கழித்து, அந்தக் குழு இப்போது உலகமெல்லாம் பேர் வாங்கிவிட்டது என்று தவளக்குப்பம் கேசட் கடைக்காரர் சொன்னார். இவர் தெருவுக்கே மிட்டாய் கொடுத்துவிட்டு அவர்கள் கேசட்டைப் பார்க்கக் கடைக்குப் போனார். என் வீட்டுக்காரரும் கூடப் போனார். கேசட்டு அட்டையில் மகன் இல்லை. டிரம்முக்குப் பின்னால் வேற ஆள்.

அந்த வருஷமே மகன் பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டான். “இனிமே அதப் போடாதப்பா, சிரிப்பாங்க” என்று சொல்லிவிட்டான்.

அப்புறம் வந்தது என் நாத்தனார் கல்யாணம். பிள்ளையார் பாட்டு முடிந்ததும் நேராக சினிமா பாட்டு. ஊரிலேயே அவரை அதிகம் திட்டினது என் மாமியார்தான். அவர்தான் முந்தானையைச் செருகிக்கொண்டு போனார்.

“இன்னாயா, ரெண்டாவது எங்க?”

“இல்லம்மா. பையன் வேணான்றான்.”

மாமியார், கூட வந்திருந்த மைக் செட்காரர் மகன் பக்கம் திரும்பினார். “நீ யாருடா வேணான்றதுக்கு? இத்தினி வருசம் காது கிழிஞ்சது எங்களுக்கு. போடுய்யா.”

போட்டார். மாடு கயிற்றை இழுத்தது. மகன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் மெதுவாகச் சொன்னான், “இந்த எடத்துல ஒரு அடி வுட்டுட்டேன்பா.”

“எனக்கு அன்னிக்கே தெரியும்டா. மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அவ்ளோ சத்தம் வச்சேன்.”

அப்பனும் மகனும் இப்போது இல்லை. அந்தக் குழுவின் பேர் என் வாயில் நுழையாது. முதல் ரெக்கார்டு அட்டையில் எரிகிற நாற்காலி ஒன்றும் அதன்மேல் ஒரு கோழியும் இருக்கும். யாரிடமாவது இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக்காரப் பேர்களுக்கு நடுவில் நம்ம பக்கத்துப் பேர் ஒன்று இருக்க வேண்டும். இருந்தால் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.