வில்பிரட் அண்ணன் காருக்குக் கட்டிய அடி

ஒருநாள் கோயிலில் ஒட்டடை அடிக்கும்போது என் கம்பு பட்டு, அந்தோனியார் சுரூபத்தில் இருந்த குழந்தை இயேசுவின் கை ஒடிந்து விழுந்துவிட்டது. மணி அடித்து, கூட்டிப் பெருக்கும் கோயில்பிள்ளையாக இருபது வருஷம் இருந்தும் நான் ஒன்றையும் உடைத்ததில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். மெழுகுவத்தி ஏற்ற வந்த வில்பிரட் அண்ணன் என்னைப் பார்த்தார், சுரூபத்தைப் பார்த்தார், போய்விட்டார். மறுநாள் பூசைக்கு முன் பார்த்தால் கை ஒட்டியிருக்கிறது! பக்கத்தில் போனால், அண்ணன் கட்டுகிற பைபர் படகின் வாசம். இன்றுவரை அவர் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நொறுங்கிய விரல்களை மட்டும் அவரே புதிதாகச் செய்திருந்தார். எண்ணினால் அந்தக் கையில் ஆறு விரல். ஆசீர்வாதம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்பர்களே, இவர் 'நானே செய்வேன்' இனத்தைச் சேர்ந்தவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கடைக்குள் போவார், சாமானை எடுப்பார், கவிழ்த்துப் பார்ப்பார், விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், மோந்து பார்ப்பார், சாண் போட்டு அளப்பார், கடைக்காரரைப் பாவமாக ஒரு பார்வை பார்ப்பார், பிறகு திருப்பி வைத்துவிட்டு, "இத நானே செஞ்சிருவேன்" என்பார். பழகிய கடைக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதே இல்லை.

தங்கச்சிமடத்தில் பைபர் படகு கட்டுகிற வில்பிரட் அண்ணனுக்கு, கொச்சிப் பக்கம் ஒரு கொட்டகையில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது. இரண்டே கதவு. செக்கச் சிவப்பு. தரைக்கும் வண்டிக்கும் நான்கு விரல் இடைவெளி. ஊரிலோ எட்டு வேகத்தடை. முதல் நாளே எஞ்சினுக்கு அடியில் இருந்த மூடி கிழிந்து தொங்கிவிட்டது. மெக்கானிக் அசாருதீன், "மதுரையில சொல்லி வரவழைச்சிரலாம்ணே" என்றான். அண்ணன் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டுமா?

அவசரம் வேறு இருந்தது. மகள் ஜெப்சிக்குக் கல்யாணம். பக்கத்து ஊரான மண்டபத்து மாப்பிள்ளை வீட்டார் ஏசி வேன் அனுப்புவதாகச் சொல்லியும், "எங்க அய்யா வண்டியிலதான் கோயிலுக்கு வருவேன்" என்று அந்தப் பிள்ளை ஊரறியச் சொல்லிவிட்டது. வண்டி நின்றால் அய்யாவின் மானம் போச்சு.

அண்ணன் பைபர் பாயை ஐந்து அடுக்கு விரித்தார், ரெசின் பசை பூசினார், உருளை போட்டுத் தேய்த்தார், நான்கு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்கு விளிம்பு எடுத்தார், காய்ந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு நேரே கடலுக்குப் போனார். காரின் அடியைக் கடலில் போட்டு, அதில் ஏறி உட்கார்ந்து, துடுப்பும் போட்டார்! கரையில் ஒரே கைதட்டல்.

அவர் மனைவி பிரெசில்லா கரையிலிருந்து கத்தினார்: "ஏங்க, பொண்ணக் கோயிலுக்குக் கூட்டிப் போறீகளா, கச்சத்தீவுக்கா?"

"ஒரு சொட்டு ஏறல பாத்தியா!"

மாட்டும்போது அசாருதீன் தலையைச் சொறிந்தான். "எல்லாஞ் சரிண்ணே. தண்ணி வெளிய போக ஓட்ட எங்க?"

"ஓட்டையா? ஏலே, முப்பது வருசமா ஓட்ட அடைக்கத்தான் எங்கிட்ட வாராக. நீ போடச் சொல்றியா?"

"கார் கடல்ல போகாதுண்ணே. இதுக்குத் தண்ணி மேல இருந்துல்ல வரும்?"

"மேல இருந்து வந்தா மேல பாத்துப் போயிரும்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஐப்பசி மழை கொட்டியது. மேல இருந்து வந்தது. மேல பாத்துப் போகவில்லை.

பத்து மணிக்குப் பூசை. நான் கோயில் வாசலில் நிற்கிறேன். தெருமுனையில் சிவப்பு வண்டி திரும்பியது. பிரேக் போட்டால் முன்னால் ஒரு 'சளக்', விட்டால் பின்னால் ஒரு 'சளக்'. தேங்கிய தண்ணீர் சூடான குழாயில் பட்டு, பானெட்டைச் சுற்றி வெள்ளை வெளேர் என்று ஆவி. மேகத்தின் மேல் மணப்பெண்! வாசலில் இருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உள்ளே சுழலும் பெல்ட் தண்ணீரை எஞ்சின் மேல் அள்ளி அடிக்க, அது இரண்டு தும்மல் தும்மியது. நின்றுவிட்டது.

நான் ஓடினேன். மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். பங்குச் சாமியாருக்குப் பதினொன்றுக்கு அடுத்த ஊரில் பூசை.

"அய்யா, ஒரே ஒரு ஓட்ட போடுங்கய்யா" என்றாள் ஜெப்சி.

"மூழ்கிரும்மா!"

"ரோட்டுலயா?"

அண்ணன் மகளைப் பார்த்தார். கண்ணில் மை கரைய ஆரம்பித்திருந்தது. "வேன் வரச் சொல்லவா?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டதும், ஜெப்சி கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள். "தள்ளிக்கிட்டுப் போனாலும் இந்த வண்டியிலதான்!"

அண்ணன் டிக்கியைத் திறந்தார். மகள் கல்யாணத்தன்றும் டிக்கியில் பேட்டரி டிரில் வைத்திருப்பதுதான் இந்த இனத்தின் அடையாளம். சிலுவை போட்டார், பட்டு வேட்டியோடு சேற்றில் படுத்தார், கண்ணை மூடிக்கொண்டு துளைத்தார். "ஐயோ" என்று கத்தியதும் அவர்தான். குபுகுபுவென்று தண்ணீர் கொட்டியது. கடைசியாக ஒரு தவளையும் இறங்கிப் போனது. அசாருதீன் தன் புதுச் சட்டையைக் கழற்றி எஞ்சினைத் துடைத்தான். வண்டி உறுமியது! பத்து மணி தாண்டவில்லை. கோயில் மணி அடிக்க வேண்டிய நானே இன்னும் திரும்பி ஓடிக்கொண்டிருந்தேனே, எப்படித் தாண்டும்? ஆண்டவர் மன்னிப்பார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் குழாயில் சைக்கிள் டியூப் கட்டியது யார்? மின்விசிறியைக் கழற்றி மாட்டியதில் மிச்சமான அந்த ஒரு ஸ்க்ரூ எங்கே இருக்கிறது? பழுது பார்க்க ஆள் வரும் முன்பே ஸ்டூல் போட்டு ஏறி நிற்பது யார் வீட்டில்? ஒன்றுக்காவது பதில் சொல்லத் தயங்கினால், நீங்களும் எங்கள் அண்ணன் ஜாதிதான்.

போன வாரம் மகளைப் பார்க்க மண்டபத்துக்குக் கிளம்பியவர், என் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். முகமெல்லாம் பூரிப்பு.

"கோயில்பிள்ள, அந்த ஓட்டைக்கு நானே ஒரு மூடி செஞ்சு அடைச்சிட்டேன். இனி ஒரு சொட்டு எறங்காது. வரட்டா?"